மக்காச்சோளப் பாத்தியில் லைடார் வண்டி: உயரம் எடுக்கும்போது தரை எது?

கரிசல்மண் (கேள்வி)

வணக்கம். மக்காச்சோள வீரிய ஒட்டு ரகங்களுக்கான திடல் சோதனை. 50 ரகம், 4 ரிப்ளிகேஷன் (ஒவ்வொன்றிலும் எல்லா ரகமும் ஒரு முறை வரும்), ஆக 200 பாத்தி. பாத்திக்கு 4 வரிசை, 5 மீட்டர் நீளம், 60×25 செ.மீ. இடைவெளி. பார்-சால் (மேடும் பள்ளமும்) முறை, பெரம்பலூர் பக்கத்துக் கரிசல் மண். அளவுக்கோல் பிடித்து எடுத்தால் பாத்திக்கு 5 செடி வீதம் ஒரு சுற்றுக்கே 1000 அளவு. வாரம் இரண்டு சுற்று அப்படி எடுக்க ஆள் கிடையாது.

அதனால் ஒரு சின்ன மின்வண்டி கட்டி, லேசர் ஸ்கேனரை (லைடார், லேசர் ஒளியால் தூரம் அளப்பது) மாட்டி ஓட்டலாம் என்று திட்டம். கைவசம் இருப்பவை: ஹொக்குயோ யூடிஎம்-30எல்எக்ஸ் லேசர் ஸ்கேனர் ஒன்று, ஆர்பிலைடார் ஏ1 ஸ்கேனர் ஒன்று, யு-பிளாக்ஸ் எஃப்9பி ஜிபிஎஸ் போர்டு இரண்டு, 9 அச்சு ஐஎம்யூ (சாய்வும் அசைவும் அளப்பது), சின்னக் கணினி ஒன்று. வேண்டியது செடி உயரமும் தரைமூடலும் (மேலிருந்து பார்த்தால் இலை மறைக்கும் தரையின் பங்கு). முடிந்தால் இலைப்பரப்புக் குறியீடும் (ஒரு சதுர மீட்டர் தரைக்கு எத்தனை சதுர மீட்டர் இலை) உயிர்ப்பொருள் மதிப்பீடும்.

கேட்க நினைத்தவை: வண்டி சாலுக்குள்ளேயே ஓட வேண்டுமா, இல்லை வரிசைக்கு மேலே கால் பரப்பி நிற்கும் சட்டமா? ஏ1-ஐயும் பயன்படுத்தலாமா? செடி உயரத்துக்குத் தரை மட்டத்தை எப்படி எடுப்பது? ஆர்டிகே (திருத்தம் வாங்கிச் செ.மீ. அளவுக்குத் துல்லியமாக்கிய ஜிபிஎஸ்) உயரத்தில் விதைப்புக்கு முந்தைய தரை மாதிரியைக் கழித்தால் போதுமா?

சாலோட்டி (பதில்)

கடைசிக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

போதாது. ஆர்டிகே பிக்ஸ் (முழுத் துல்லிய நிலை) கிடைத்தாலும் செங்குத்துப் பிழை கிடைமட்டத்தைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு இருக்கும். விதைப்புக்கு முன் ஒரு நாள், இன்று ஒரு நாள் என்று இரண்டு ஓட்டங்களைக் கழிக்கும்போது இரண்டு நாள் பிழையும் சேர்ந்து 3 செ.மீ.க்குக் குறையாது. அதுகூடப் பரவாயில்லை. பெரிய சிக்கல், பார்-சாலில் தரை என்பது ஒன்றல்ல. செடி நிற்பது பாரில், வண்டி ஓடுவது சாலில், நடுவில் 15 முதல் 20 செ.மீ. வித்தியாசம். அந்த வித்தியாசமும் நிலையாக இருக்காது. மண் அணைத்த அன்று பார் ஏறும், சால் இறங்கும். தண்ணீர் கட்டினால் பார் கரைந்து அமரும். விதைப்புக்கு முன் எடுத்த தரை மாதிரி 30-ம் நாளிலேயே பழங்கதை.

ஹைதராபாத் பக்கம் பட்டாஞ்சேருவில் இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் லீசிஸ்கேன் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. லேசர் ஸ்கேனர்கள் தண்டவாளச் சட்டத்தில் தொங்கியபடி செடிகளுக்கு மேலே நகர்ந்து இலைப்பரப்பை எடுக்கும். அரிசோனாவின் மரிகோப்பாவில் இருக்கும் பெரிய கேன்ட்ரியும் (சென்சாரைத் தாங்கும் பாலச் சட்டம்) தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. அங்கெல்லாம் சென்சாரின் மட்டம் இரும்பில் பூட்டப்பட்டது. உங்களுக்குத் தண்டவாளம் இல்லை. ஆனால் சக்கரம் இருக்கிறது.

சட்டம் விறைப்பாக இருந்தால், சக்கரம் மண்ணைத் தொடும் புள்ளியிலிருந்து லேசர் வரை உள்ள உயரம் மாறாத எண். ஒரு முறை டேப் வைத்து அளந்தால் போதும். அதன்பின் செடி உயரத்துக்கு ஜிபிஎஸ் தேவையே இல்லை. சென்சார் உயரம், கழித்தல் லேசரின் செங்குத்துத் தூரம், கழித்தல் பார் உயரம், அவ்வளவுதான். சென்சார் 3.00 மீட்டரில், இலை நுனி வரை செங்குத்துத் தூரம் 1.32 என்றால், சாலிலிருந்து 1.68. பார் 18 செ.மீ. என்றால் செடி 1.50 மீட்டர். ஆர்டிகே எந்தப் பாத்தி என்று சொல்வதற்கு மட்டும். அதற்கு 5 செ.மீ. பிழை இருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பார் உயரத்தை இரண்டு முறை எடுத்தாக வேண்டும். விதைத்தபின் முளை வருவதற்குள் ஒன்று, ஐந்தாறு நாள் அவகாசம்தான் இருக்கிறது. மண் அணைத்த மறுநாள் ஒன்று. இரண்டாவதன்போது செடி சின்னது, வரிசை மூடியிருக்காது, லேசருக்குப் பாரும் சாலும் நன்றாகவே தெரியும். பாத்திக்கு ஒரு எண்ணாக, பாரின் மேல்மட்ட மீடியன் (நடு மதிப்பு) கழித்தல் சாலின் அடிமட்ட மீடியன் என்று சேமித்து வையுங்கள். தண்ணீர் கட்டியபின் சக்கரம் 1 முதல் 3 செ.மீ. அமிழும், அந்தப் பிழை இந்த முறையில் அப்படியே செடி உயரத்தில் ஏறும். கரிசலில் பாசனம் முடிந்து மூன்று நாளாவது ஆகாமல் வண்டியை இறக்காதீர்கள்.

இனி எந்த வண்டி என்பது. 4 வரிசையில் ஓர வரிசை இரண்டையும் எப்படியும் தள்ளிவிடுவீர்கள். நடு இரண்டு வரிசைக்கு மேல் கால் பரப்பும் சட்டம்தான் என் தேர்வு. பாத்தி ஓரத்திலிருந்து வரிசைகள் 30, 90, 150, 210 செ.மீ.யில் இருக்கும், ஆக சக்கரங்கள் 60-லும் 180-லும். மையத்துக்கு மையம் 120 செ.மீ. சட்டத்தின் கால்களை உள்பக்கம் வளைக்காதீர்கள், இலை சிக்கும்.

லேசரை நட்ட நடுவில், ஸ்கேன் தளம் ஓடும் திசைக்குக் குறுக்காக, நேர் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். 270 பாகையில் கீழ்ப்பக்கம் ±35 மட்டும் எடுத்தால் போதும். 2.2 மீட்டர் செடியின் உச்சி 3 மீட்டர் சென்சாருக்கு 80 செ.மீ. கீழே வரும், அங்கே ±35 பாகை 1.1 மீட்டர் அகலத்தைத் தொடும். உங்கள் வரிசைகள் மையத்திலிருந்து ±30 செ.மீ. தாராளம்.

கோண இடைவெளி 0.25 பாகை, அதாவது 1.5 மீட்டர் தூரத்தில் புள்ளிக்குப் புள்ளி 6.5 மி.மீ. நொடிக்கு 40 ஸ்கேன், வேகம் 0.4 மீ/வி என்றால் கோட்டுக்குக் கோடு 10 மி.மீ. 5 மீட்டர் பாத்திக்கு 12.5 நொடி, ஏறத்தாழ 1,40,000 புள்ளி. மக்காச்சோளத்துக்கு இதற்கு மேல் தேவையில்லை. 200 பாத்திக்கு ஓட்டம் மட்டும் 42 நிமிடம், வரப்பில் திரும்புவதையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம்.

ஏ1 வேண்டாம். அது முக்கோண முறையில் தூரம் பார்ப்பது. நேரடி வெயில் படாத இடத்துக்கு என்று தயாரிப்பாளரே போட்டிருக்கிறார். நொடிக்கு ஐந்தாறு சுற்றுதான். 0.4 மீ/வி ஓடினால் கோட்டுக்குக் கோடு 7 செ.மீ. விழும். வண்டிக்கு முன்னால் ஆள் குறுக்கே வந்தால் நிறுத்த, அதையும் நிழலான மாலை நேரத்தில், பயன்படும்.

மின்கம்பி (பதில்)

வண்டிப் பக்கம் நான் சொல்கிறேன்.

எடை 60 கிலோவுக்குள் நிறுத்துங்கள். கிளறிய மண்ணில் உருள்தடை எடையில் கால் பங்கு என்று வைத்தால் 147 நியூட்டன். 0.4 மீ/வி-க்கு சக்கரத்தில் 60 வாட்கூட வேண்டாம். ஆனால் மோட்டாரை அந்தக் கணக்கில் வாங்கினால் முதல் வரப்பிலேயே நின்றுவிடும். 20 செ.மீ. ஆரமுள்ள நான்கு சக்கரத்துக்கு ஓட்டத்தில் தலா 7.5 நியூட்டன் மீட்டர் வருகிறது, வரப்பு ஏற மூன்று மடங்கு ஒதுக்குங்கள். கியர் வைத்த 24 வோல்ட் மோட்டார். கியர் இழப்பெல்லாம் சேர்த்து 120 வாட், கணினி, லேசர், ரேடியோ சேர்ந்து 40 வாட். 25.6 வோல்ட் 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 512 வாட்-மணி. மூன்று மணி நேரம் வரும், ஒரு சுற்றுக்குப் போதும்.

பலர் தவறவிடும் இடம்: மோட்டாருக்கும் லேசருக்கும் ஒரே கன்வெர்ட்டர். யூடிஎம்-30எல்எக்ஸ் 12 வோல்ட்டில் 0.7 ஆம்பியர் இழுக்கும், தொடங்கும்போது 1 ஆம்பியர். திருப்பத்தில் நான்கு மோட்டாரும் ஒரே நேரத்தில் மின்னோட்டம் கேட்டால் வோல்ட் சரிந்து லேசர் ரீசெட் ஆகும். பதிவு நின்றுபோனது வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். லேசருக்குத் தனி 24-லிருந்து 12 வோல்ட் கன்வெர்ட்டர், கணினிக்கு இன்னொன்று. கன்ட்ரோல் திரையில் ஸ்கேன் வீதம் 40-ஐக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், 35-க்குக் கீழே போனால் பஸர் அடிக்கட்டும்.

சக்கரம்: ஒடுக்கமான டயர், 8 முதல் 10 செ.மீ. அகலம். அகல டயர் சாலுக்குள் இறங்காமல் பாரின் சரிவில் ஏறி நிற்கும். அப்போது "சக்கரமே தரை" என்ற கணக்கு கவிழ்ந்துவிடும். கரிசல் ஈரத்தில் டயரில் அப்பும் மண் சக்கர ஆரத்தையே 2 செ.மீ. கூட்டிவிடும், உயரத்திலும் என்கோடரிலும் (சக்கரச் சுற்றை எண்ணும் கருவி) பிழை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சுரண்டித் தகடு வையுங்கள். சொட்டுநீர் போட்டிருந்தால் லேட்டரல் குழாய் பாரின் மேல் இருக்கும்வரை கவலை இல்லை. வரப்போரம் சப்-மெயினிலிருந்து கிளம்பும் இடத்தில்தான் திரும்பும்போது சக்கரம் இழுத்துப் பிடுங்கும். அந்த இடத்தில் ஒரு பழைய ரப்பர் பாய்.

3 மீட்டர் சட்டம் கவிழுமா என்றால், பேட்டரியையும் மோட்டாரையும் அடியிலேயே வைத்து ஈர்ப்பு மையத்தை 90 செ.மீ.க்குக் கீழே வைத்தால் 120 செ.மீ. அகலத்துக்கு 33 பாகை வரை தாங்கும். ஓடும்போது அதில் பாதிக்கு மேல் நம்பக்கூடாது.

ரேடியோ பற்றி ஒரு எச்சரிக்கை. பேஸ் (இடம் மாறாமல் நிற்கும் ஜிபிஎஸ்) நிலையத்திலிருந்து வண்டிக்குத் திருத்தம் அனுப்ப 915 மெகாஹெர்ட்ஸ் டெலிமெட்ரி செட் மலிவாகக் கிடைக்கிறது. அது நம் நாட்டில் உரிமம் இல்லாத அலைவரிசை அல்ல. 865–867 மெகாஹெர்ட்ஸ் செட் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, செடி தலைக்கு மேல் வந்தபின் இலையில் இருக்கும் தண்ணீரே விழுங்கிவிடும். சர்வே ஆஃப் இந்தியாவின் கோர்ஸ் (நிரந்தர ஜிபிஎஸ் நிலையங்கள்) திருத்தத்தை மொபைல் வழியாகவும் வாங்கலாம், திடலில் சிக்னல் விட்டு விட்டு வந்தால் சொந்த பேஸ்தான் நல்லது. இரண்டு எஃப்9பி கையில் இருக்கிறதே.

இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது. காந்த நடுக்கோடு தென்முனையை ஒட்டிப் போகிறது. 1960-களின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவை ராக்கெட் தளமாக எடுத்ததற்கே அதுதான் காரணம். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில் சூரியன் மறைந்தபின் அயனிமண்டலக் கொந்தளிப்பால் ஆர்டிகே பிக்ஸ் அறுந்து அறுந்து போகும். இரவில் காற்று இல்லையே, வெயில் இல்லையே என்று ஓட்டத் திட்டமிடுபவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். பேஸை இரண்டு கிலோமீட்டருக்குள் வையுங்கள், காலையில் ஓட்டுங்கள்.

புள்ளிமேகம் (பதில்)

சாலோட்டி சொன்ன வடிவம் சரி. ஆனால் லேசரின் நேரமும் ஆர்டிகேயின் நேரமும் ஒட்டாமல் போனால் எதுவும் ஒட்டாது. அதைக் கண்டுபிடிக்க வழி இது.

சமமான சிமென்ட் தரையில் 30 செ.மீ. உயர அட்டைப்பெட்டி ஒன்றை வையுங்கள். அதன் மேல் வண்டியை 0.3 மீ/வி-யில் ஒரு முறை, வண்டியைத் திருப்பி எதிர்த்திசையில் ஒரு முறை ஓட்டுங்கள். பிறகு 0.6 மீ/வி-யில் அதே மாதிரி. கிளவுட்கம்பேர் மென்பொருளில் நான்கு பாயிண்ட் கிளவுடையும் (லேசர் தொட்ட புள்ளிகளின் முப்பரிமாணத் தொகுப்பு) திறந்து, பெட்டியின் முன் விளிம்பு போகும்போதும் வரும்போதும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். நேரத் தாமதம் தரும் விலகல் வேகத்தோடு கூடும், 2 × வேகம் × தாமதம். லேசர் முன்பின்னாகச் சாய்ந்திருப்பதோ ஆன்டெனாவுக்கும் லேசருக்கும் இடையே அளந்த தூரம் தவறியதோ வேகத்தோடு மாறாது. 0.3-ல் 4 செ.மீ., 0.6-ல் 7 செ.மீ. வந்தது என்று வையுங்கள். கூடிய 3 செ.மீ.தான் வேகத்தின் பங்கு, தாமதம் 50 மில்லிநொடி. மிச்சம் 1 செ.மீ. மாட்டிய கோணத்தின் பங்கு. இரண்டையும் பிரிக்காமல் சாய்வுக் கோணத்தை மட்டும் திருகிக்கொண்டிருந்தால் ஒரு வேகத்தில் பொருந்தும், அடுத்த வேகத்தில் விலகும்.

பக்கவாட்டுச் சாய்வுக்கு அதே சிமென்ட் தரை போதும். ஒரு ஸ்கேனின் புள்ளிகளுக்கு நேர்கோடு பொருத்தினால் அதன் சரிவுதான் சாய்வு. விட்டுவிட்டால் என்ன ஆகும் என்றால், மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கும் வரிசையில் 1 பாகைக்கு அரை செ.மீ. தான். ஒரு வரிசையில் கூடும், மறுவரிசையில் குறையும், சராசரியில் ஒழிந்துவிடும். ஓர வரிசையையும் சேர்த்து எடுக்க ஆசைப்படுபவர்களுக்குத்தான் இது கடிக்கும்.

லேசரை இயக்கி அரை மணி நேரம் சூடேற விடுங்கள். தூர அளவு முதல் நிமிடங்களில் மெல்ல நகரும்.

அடுத்தது பேய்ப்புள்ளி. கற்றை ஒரு மெல்லிய கோடல்ல, விரிவு அரை பாகை என்றால் 2 மீட்டரில் 17 மி.மீ. பட்டை. அதில் பாதி இலை விளிம்பிலும் பாதி கீழே மண்ணிலும் விழுந்தால், சென்சார் இரண்டுக்கும் நடுவே காற்றில் ஒரு புள்ளியைக் காட்டும். மக்காச்சோள இலை நீளமானது, விளிம்பு அதிகம், ஆகவே பேயும் அதிகம். ராஸ் 2 ரோபோ மென்பொருளின் லேசர் வடிகட்டித் தொகுப்பில் நிழல் வடிகட்டி இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடு கற்றைத் திசைக்கு 10 பாகைக்குள் இருந்தால் தூக்கிவிடும். இதை ஒவ்வொரு ஸ்கேனிலும், பாயிண்ட் கிளவுடாகக் கோர்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். கோர்த்தபின் யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்பது தொலைந்துவிடும்.

உயரத்துக்குப் பாத்தி முழுவதற்கும் ஒரு உச்சப் புள்ளி எடுக்காதீர்கள். ஒரு தட்டான் பறந்தாலும் அதுதான் உயரம். பாத்தியின் இரு முனையிலும் அரை மீட்டரைத் தள்ளி, நடு இரு வரிசைகளையும் 25 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டுக்கு ஏறக்குறைய ஒரு செடி. துண்டு ஒவ்வொன்றிலும் 99-வது சதமானம் (நூற்றுக்கு 99 புள்ளி அதற்குக் கீழே இருக்கும் உயரம்), ஆக 32 எண், அவற்றின் மீடியன். இடைவெளி விழுந்த இடம் இருந்தால் அந்தத் துண்டு தாழ்ந்து தெரியும், மீடியன் அதைப் பொருட்படுத்தாது. முளைப்புக் குறையும் அதிலேயே தனியாகக் கிடைக்கும்.

ஆண் பூ வந்தபின் ஒரு கூத்து நடக்கும். பூங்கதிரின் கிளைகள் மெல்லியவை, கற்றை பெரும்பாலும் தவறிவிடும். அளவுக்கோல்காரர் பூங்கதிர் நுனி வரை எடுப்பார், லேசர் கொடியிலையோடு (உச்சி இலை) நின்றுவிடும். இரண்டும் ஒத்துவரவில்லை என்று சென்சாரைத் திட்டுவதில் பயனில்லை. ஒப்பிடும் அளவைக் கடைசி இலையின் கழுத்து வரை என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

கரிசல்மண்

மிக்க நன்றி. தற்காலிகமாக ஒரு தள்ளுசட்டத்தில் லேசரைக் கட்டி இரண்டு சுற்று எடுத்தோம், 27-ம் நாளும் 31-ம் நாளும். கிளவுட்கம்பேரின் துணி வடிகட்டியால் (புள்ளிகள்மேல் கற்பனைத் துணியைப் போர்த்தித் தரையைத் தேடுவது) தரையைப் பிரித்துக் கழித்தோம். முதல் இரண்டு ரிப்ளிகேஷனில் சராசரி 61 செ.மீ.யிலிருந்து 62. மற்ற இரண்டில் 61-லிருந்து 74. எல்லா ரகமும் எல்லா ரிப்ளிகேஷனிலும் இருப்பதால் ரக வேறுபாடு அல்ல. உரம், பாசனம் எல்லாம் ஒன்றே. கேலிபரேஷன் இடையில் மாறியிருக்குமா?

இன்னும் ஒன்று: இலைப்பரப்பை இதே லேசரில் எடுக்கும் வழி.

சாலோட்டி

சென்சாரை விடுங்கள், வேலை நோட்டைப் பாருங்கள். 27-க்கும் 31-க்கும் நடுவில் முதல் இரண்டு ரிப்ளிகேஷனுக்கு மண் அணைத்திருப்பார்கள், மிச்சத்துக்கு இன்னும் இல்லை. யூரியா இரண்டாம் தவணை போட்டு மண் அணைப்பது அந்தக் காலத்தில்தான். 12 செ.மீ. என்பது மண்வெட்டி ஏற்றும் மண்ணின் அளவு, அப்படியே வந்திருக்கிறது. துணி வடிகட்டி பாரின் உச்சியைத் தரை என்று எடுத்துக்கொண்டது. பார் ஏறியதால் செடி குட்டையானது. கணக்குப்படி அது பொய்யும் இல்லை, மண்ணுக்கு மேல் இருப்பது அவ்வளவுதான். ஆனால் வளர்ச்சி வீதம் போட உதவாது.

சரிசெய்ய: பாத்திக்கு ஒரு இடத்தில், வரிசையில் இரு செடிக்கு நடுவே, அரை அங்குல பிவிசி குழாயை 40 செ.மீ. ஆழம் அடித்து விடுங்கள். விதைத்த அன்றைய மண்மட்டத்தில் பெயின்ட் கோடு. மண் அணைத்தபின் கோட்டுக்கு மேல் எத்தனை செ.மீ. மண் ஏறியது என்று அளந்தால் அந்தப் பாத்திக்கான கூட்டல் எண் அது. 200-க்கும் வேண்டாம், ரிப்ளிகேஷனுக்குப் பத்து போதும். மண் அணைத்தது கையாலா, சிறு டிராக்டராலா என்பதைப் பொறுத்து ஏற்ற இறக்கம் இருக்கும், கையால் என்றால் ஆளுக்கு ஆள் மாறும். பத்துக் குழாயின் எண்கள் 3 செ.மீ.க்கு மேல் சிதறினால் அப்போது 200-க்கும் லேசரில் பார் உயரம் எடுத்துவிடுங்கள்.

துணி வடிகட்டி பற்றி: அது புள்ளிகளைத் தலைகீழாகக் கவிழ்த்துத் துணியைப் போர்த்தும், அதனால் விறைப்பைக் கூட்டினால் துணி பாருக்குள் ஏறாமல் சாலின் அடிமட்டத்திலேயே நிற்கும், குறைத்தால் பார் உச்சிவரை ஒட்டும், சில சமயம் தாழ்ந்த இலையிலும் ஒட்டும். கட்ட அளவு 5 செ.மீ.யா 50 செ.மீ.யா என்பதிலும் விடை மாறும். சமமான நிலத்துக்கு நல்ல கருவி. பார்-சாலில் அதன் விடை எது என்று அதற்கே தெரியாது. சக்கரக் கணக்கு எடுங்கள்.

புள்ளிமேகம்

இலைப்பரப்புக்கு வருகிறேன். மண்ணைத் தொட்ட கற்றைகளின் பங்கைத்தான் எண்ணப்போகிறோம். 57.5 பாகை சாய்வில் இலைக் கோணம் எப்படி இருந்தாலும் விடை பெரிதாக மாறாது என்பதால் எல்லோரும் அந்தக் கோணத்தை விரும்புவார்கள். தரை தொட்ட பங்கின் இயல் மடக்கையை எடுத்து, எதிர்க்குறியை நீக்கி, 1.075-ஆல் பெருக்கினால் இலைப்பரப்புக் குறியீடு.

படிக்க அழகாக இருக்கிறது. உங்கள் பாத்தியில் என்ன ஆகும் பாருங்கள். 2 மீட்டர் செடிக்குள் 57.5 பாகையில் போகும் கற்றை கிடைமட்டமாக 3.1 மீட்டர் கடக்கும். பாத்தியின் அகலமே 2.4 மீட்டர். அதாவது பக்கத்து ரகத்தின் இலையையும் சேர்த்து எண்ணுவீர்கள். சரி, லேசரை முன்னோக்கிச் சாய்த்து வரிசை ஓடும் திசையில் பார்க்கலாம் என்றால், கற்றைகள் வரிசைக்கு நடுவிலிருக்கும் சந்து வழியாகத் தப்பி மண்ணைத் தொட்டுவிடும், இலைப்பரப்பு குறைந்து தெரியும். நேர் கீழே பார்த்தால் பாத்திக்குள்ளேயே நிற்கும், ஆனால் இலைக் கோணத்துக்கான கெழு உங்கள் ரகத்தைப் பொறுத்தது. அதை 0.5 என்று வைத்தால் குறியீடு 4-ல் 13.5 விழுக்காடு கற்றை தரை தொடும். 57.5 பாகையில் அதே 4-க்கு 2.4 விழுக்காடுதான், 5-க்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. அந்த ஒரு விழுக்காட்டில் பேய்ப்புள்ளி எத்தனை என்று யாருக்குத் தெரியும்?

என் யோசனை: நேர் கீழ்ப் பார்வை, ±10 பாகைக்குள் வரும் கற்றைகள் மட்டும். கெழுவை உங்கள் திடலிலேயே கண்டுபிடியுங்கள். மூன்று பருவத்தில், பருவத்துக்குப் பத்துப் பாத்தியில், ஓர வரிசையில் இரண்டிரண்டு செடி. இலை நீளம் × அதிகபட்ச அகலம் × 0.75. செடிக்கு 15 இலை என்றாலும் ஒரு காலையில் முடிகிற வேலை. நிமிர்ந்த இலை ரகத்துக்கும் தாழ்ந்து தொங்கும் இலை ரகத்துக்கும் கெழு ஒன்றாக வராது. 50 ரகத்தையும் இரண்டு மூன்று வகையாகவாவது பிரிக்க வேண்டும். இதைச் செய்யாமல் ரகங்களை வரிசைப்படுத்தினால், இலைப்பரப்பை அல்ல, இலைக் கோணத்தைத்தான் வரிசைப்படுத்தியிருப்பீர்கள்.

தரைமூடலுக்கும் ஒரு நிபந்தனை: நேரம். தண்ணீர் குறைந்த பாத்தியில் நண்பகலில் இலை சுருளும், தரைமூடல் சரியும். காலை 7-க்கு எடுத்த பாத்தியையும் 12-க்கு எடுத்த பாத்தியையும் ஒப்பிடக்கூடாது. 905 நானோமீட்டர் லேசருக்குப் பச்சை இலை நன்றாகவே பிரதிபலிக்கும், காய்ந்த சருகும் மண்ணும்கூட அப்படியே, ஆக ஒளிச்செறிவை வைத்து இலையையும் மண்ணையும் பிரிப்பது கடினம், உயரத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சி நிறுவனம் 2018-ல் கோதுமையில் வெளியிட்ட வேலையில் 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் வைத்திருந்தார்கள். அந்த அலைநீளத்தைப் பச்சையம் விழுங்கிவிடும் என்பதால் இலை இருட்டாகவும் மண் வெளிச்சமாகவும் வரும், பிரிப்பது எளிது.

உயிர்ப்பொருளுக்கு அதே வேலையில் இரண்டு வழி காட்டியிருக்கிறார்கள். ஒன்று, பாத்தியைச் சின்னக் கனசதுரங்களாக வெட்டி, புள்ளி விழுந்தவற்றை எண்ணுவது. மற்றொன்று, உயர அடுக்கு அடுக்காகப் புள்ளிகளின் பங்கை எடுத்து, கீழ் அடுக்குகளுக்கு எடை கூட்டிச் சேர்ப்பது. மேலடுக்கு மறைத்துவிடுவதால் கீழே போகும் கற்றை குறைவு, அதற்கான ஈடு அது. மக்காச்சோளத்தில் 5 செ.மீ. கனசதுரத்தோடு தொடங்கிப் பாருங்கள். ஆனால் கதிர் முற்றும்போது எடை ஏறுவது கதிரில், வெளி வடிவம் மாறாது. பூத்தபின் லேசர் உயிர்ப்பொருள் சமதளமாகிவிடும், அதை வளர்ச்சி நின்றதாகப் படிக்காதீர்கள். சரிபார்க்க வெட்டும் மாதிரி ஒரு மீட்டர் வரிசை, 70 பாகை செல்சியஸ் அடுப்பில் எடை நிலைக்கும்வரை.

படைப்புழு குருத்தைக் கடித்த பாத்திகளையும் குறித்து வையுங்கள். குருத்து போன செடியின் உயரம் நின்றுவிடும், இலை ஓட்டைகள் லேசருக்குத் தெரியாது.

வரப்போரம் (பதில்)

எல்லாம் சரி, இந்த ஆண்டு ஒரு பருவத்துக்கு மோட்டாரே வேண்டுமா? தள்ளுசட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்கிறீர்கள். பக்கத்துக்கு இரண்டு என்று 26 அங்குல மிதிவண்டிச் சக்கரம், சுற்றளவு 2.07 மீட்டர். ஒரு சக்கரத்தில் என்கோடர். பின்னால் இருவர் தள்ளினால் 200 பாத்தி ஒரு காலையில் முடியும். மனிதன் தள்ளும்போது வேகம் ஏறி இறங்கும். என்கோடர் இருக்கும்வரை அது பிரச்சினை அல்ல, 0.6-க்கு மேல் போகாமல் ஒரு பீப் வைத்தால் போதும். மிதிவண்டிச் சக்கரம் ஈரத்தில் கத்தி மாதிரி இறங்கும், அதனால் காய்ந்த சாலில் மட்டும். அளவு நம்பும்படி வருகிறது என்று உறுதியானபின் மோட்டாருக்குச் செலவழியுங்கள். பல இடத்தில் தானாக ஓடும் வண்டி அழகாக ஓடுகிறது, அது கொண்டுவரும் எண்ணைத்தான் யாரும் சரிபார்ப்பதில்லை.

சாலுக்குள் ஓடும் சின்ன வண்டி பற்றி யாரும் பேசவில்லை என்பதால்: இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான டெர்ராசென்ஷியா மாதிரி ஓரடி அகல வண்டி தண்டு எண்ணிக்கைக்கு நல்லது. இலைக்கூரைக்கு அடியிலிருந்து மேலே பார்த்து உயரம் எடுத்தால், கூரை மூடியபின் நுனி தெரியாது. அதன்மேல் 3 மீட்டர் கம்பம் நட்டால் 2 பாகை ஆட்டத்துக்கு உச்சி 10 செ.மீ. ஆடும். தண்டுத் தடிமன் எடுக்கவும் இந்த ஹொக்குயோ போதாது. அதன் தூரப் பிழையே ±30 மி.மீ., தண்டு 2 முதல் 3 செ.மீ. தான்.

சாலோட்டி

வரப்போரம் சொல்வதை ஆமோதிக்கிறேன். தள்ளினாலும் ஓட்டினாலும் ஒன்றை மட்டும் விடாதீர்கள். திடலின் நான்கு மூலையிலும், வண்டி கடக்கும் பாதையில், 1.5 மீட்டர் உயர பிவிசி கம்பம் ஒன்று, உச்சியில் 20 செ.மீ. சதுரத் தகடு. கான்கிரீட்டில் நடுங்கள், கரிசல் விரிந்து சுருங்கும்போது வெறும் கம்பம் எழும்பிவிடும். சக்கரம் போகும் இரு தடத்திலும், கம்பத்துக்கு நேராக ஒரு கடப்பாக் கல்லைப் பதித்துவிட்டால் சக்கர அமிழ்வும் அங்கே கலக்காது. ஒவ்வொரு சுற்றின் முதலிலும் முடிவிலும் தகட்டைக் கடக்க வேண்டும். எண் 2 செ.மீ.க்கு மேல் விலகினால் அந்தச் சுற்றைப் பாத்திக் கணக்கில் சேர்க்காதீர்கள், காரணம் தேடுங்கள். லேசர் கண்ணாடியில் தூசி, தளர்ந்த போல்ட், டயரில் காற்று என்று ஏதாவது அகப்படும். டயர் காற்று 5 பிஎஸ்ஐ இறங்கினாலே மட்டம் மாறும்.

காற்று வீசும் நாளில், செடி உச்சியில் நொடிக்கு 3 மீட்டரைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். உயரத்தின் மீடியன் ஓரளவு தாங்கும், தரைமூடல் தாங்காது. பனி காயும்வரையும் பொறுங்கள், நனைந்த இலையிலிருந்து புள்ளி திரும்பாமல் போகும். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் பெரும்பாலும் இரண்டும் ஒத்துவரும்.

தகட்டின் நடுவில் ஒரு ஆணியை மேல்நோக்கி அடித்து வையுங்கள். இல்லையென்றால் காக்கை வந்து உட்காரும், கம்பம் 1.8 மீட்டர் என்று கணினி சொல்லும்.